ஒரே பாத்திரம்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின் நடுவே, கிழக்குச் சன்னலுக்கு முன்னால் எழுந்து நின்று, ஒரு பெண் தன் நெஞ்சின் எக்ஸ்ரே படத்தை இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்தார். காலை வெயில் அந்தக் கறுப்புத் தகட்டை ஊடுருவியபோது அவருடைய விலா எலும்புகள் சபையார் அனைவர் கண்ணுக்கும் தெரிந்தன. ஆண்களும் பெண்களும் கூடியிருந்த இடத்தில், ஒரு மனுஷி தன் உடம்பின் உட்புறத்தை அத்தனை வெகுளியான மகிழ்ச்சியோடு எடுத்துக் காட்டியதை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. எங்கள் முகங்களில் என்ன இருந்தது என்பதைச் சொல்லத்தான் இத்தனை வயதுக்குப் பிறகு பேனாவை எடுத்திருக்கிறேன். ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்திக்கொண்டவள் நான். வேதத்தையும், மாமனார் வீட்டு அலமாரியில் இருந்த பழைய நூல்களையும் திரும்பத் திரும்ப வாசித்தே எழுதக் கற்றேன். பிழை காணின் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் சபை மலாக்கா பட்டணத்தில், காஜா பேராங் சாலையோரத்துப் பலகை வீடு ஒன்றின் மேல்மாடியில் கூடிவந்தது. கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா செட்டி சமூகத்தைச் சேர்ந்தவர். பல தலைமுறைகளுக்கு முன் கடல் கடந்து வந்து, தமிழை மறந்து, மலாய் பேசிக்கொண்டு, நெற்றியில் திருநீறு மட்டும் மறவாமல் வாழும் மக்கள் அவர்கள். நாங்கள் மேலே பாடுகிற பாட்டு ஒன்றும் அவருக்கு விளங்காது. ஆயினும் ஞாயிறுதோறும் படிக்கட்டைக் கழுவி வைப்பார். தேசம் விடுதலை அடையப்போகிறது என்று தெருவெல்லாம் பேச்சாக இருந்த காலம் அது. எங்கள் சபையோ அதற்கும் முன்னரே விடுதலை பெற்றுவிட்டதாகப் பெருமை கொண்டிருந்தது. எங்களுக்கு மிஷன் இல்லை, பிஷப் இல்லை, வெளிநாட்டுத் தலைமைச் சங்கம் இல்லை. மிஷன் பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு வந்த போதகர் ஐயாவும், பல சபைகளிலிருந்து பிரிந்துவந்த கிராணிமார் என்ற எழுத்தர்களும் ஆசிரியர்களும் காயத்துக்குக் கட்டுப்போடும் மருத்துவமனை டிரெஸர்களும் சேர்ந்து கட்டிய சபை அது. மூப்பர்கள் கூடினால் ஒருவர் தவறாமல், “வெள்ளைக்காரன் கொடி இறங்கறதுக்கு முந்தியே நாம பிஷப்போட கோல இறக்கிட்டோம்ல!” என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். என் மாமனாரும் சிரிப்பார். ஒரு ரப்பர் கம்பெனியில் பெரிய கிராணியாக இருந்த அவர்தாம் சபையின் முதல் மூப்பர்.

அந்தப் பெருமைகளுக்கெல்லாம் மகுடம் வைத்தாற்போல் விளங்கியது ஒரு பாத்திரம். மாமனார் சிங்கப்பூரிலிருந்து தருவித்த வெள்ளிப் பூச்சுக் கிண்ணம். விளிம்புக்குக் கீழே திராட்சைக்கொடி வேலைப்பாடு ஒரு சுற்று ஓடும். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, இயேசுவின் கடைசி இராவுணவை நினைவுகூரும் திருவிருந்து நடக்கும். போதகர் ஜெபித்து, பாத்திரத்தில் ஒரு வாய் பருகி, வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, அடுத்தவர் கையில் கொடுப்பார். அவர் பருகி, துடைத்து, அடுத்தவருக்குக் கொடுப்பார். ஆண்கள் முதலில், பெண்கள் பிறகு. வட்டம் சுற்றி வந்த பின் அடியில் மிஞ்சியதைப் பந்தி விசாரிக்கும் மூப்பர் குடித்து முடிக்க வேண்டும். ஒரு துளியையும் கீழே ஊற்றலாகாது. பட்டணத்துப் பெரிய கிறிஸ்தவக் கோயில்களில் துரைமாருக்கு முன்வரிசையும் நம்மவருக்குப் பின்வரிசையும் இருந்ததைச் சொல்லிவிட்டு, “எங்கள் சபையிலே எல்லாருக்கும் ஒரே பாத்திரம்” என்று மாமனார் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். அது நடிப்பன்று.

அந்த வட்டத்தில் எனக்கு இடமில்லை. நான் பிறந்த குடும்பத்தார் குழந்தைப் பருவத்திலேயே தலையில் நீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுக்கும் சபையைச் சேர்ந்தவர்கள். எங்கள் சபை அதை ஞானஸ்நானம் என்றே ஒப்புக்கொள்ளாது. வயதறிந்து, சாட்சி சொல்லி, கடலில் மூழ்கி எழுந்தால்தான் பந்தியில் உட்காரலாம். மருமகளாக வந்த புதிதில் எனக்கு அதற்கான துணிவு வரவில்லை. ஆகையால் பின்கட்டுச் சமையலறையில் திருவிருந்துக்கு ஆயத்தம் செய்யும் வேலை என்னிடம் வந்தது. மதுவை அறவே விலக்கிய சபையாதலால், சனிக்கிழமையே உலர்ந்த திராட்சையை ஊறவைத்து, கொதிக்கவைத்து, மல்துணியில் வடிகட்டி ரசம் எடுப்பேன். கொடி வேலைப்பாட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நிற்கும்படி பாத்திரத்தில் ஊற்றி வைப்பேன். கதவோரம் நின்று, அது கைக்குக் கை மாறிப் போவதைப் பார்ப்பேன். இப்போது எழுதுகிறவை எல்லாம் அந்தக் கதவோரத்திலிருந்து கண்டவை.

சபையார் வெறும் பாட்டும் ஜெபமுமாக இருந்தவர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நகர மன்றத் துப்புரவுத் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்குப் பால்மாவும் பழந்துணியும் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். லைன் பிள்ளைகளுக்கு மாமனார் சாயங்காலங்களில் தாமே ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். கையைப் பிடித்து எழுத்துப் போட வைப்பார். ஆனால் அங்கே யார் தேநீர் கொடுத்தாலும், “இப்பத்தான் வீட்டுல குடிச்சிட்டு வந்தேம்மா” என்று சொல்லிவிடுவார். அது உண்மையாக இருந்த நாள் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. போதகரம்மா பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்தினார். எக்ஸ்ரே படத்தை உயர்த்திப் பிடித்த அந்த அக்கா முதலில் வந்தது அந்த வகுப்புக்குத்தான். சாலை கூட்டுகிறவர், அவர் கணவர் வீடுகளின் பின்புறக் கழிவறைகளிலிருந்து மல வாளி எடுக்கிறவர். பள்ளிக்கூடத்தில் சேரப்போகும் தம் மகளுக்குச் சீருடை தைக்கக் கற்க வேண்டும் என்பது அவர் வந்த நோக்கம். தையல் இயந்திரத்தின் மிதியை மிதிக்கும்போது நூல் அறுந்தால், “ஏ, உனக்கும் மண்டோர் வந்து நின்னாத்தான் வேல ஓடுமா?” என்று, சாலை வேலையை மேற்பார்க்கும் மண்டோரைச் சொல்லி இயந்திரத்தையே கண்டிப்பார். பெண்கள் எல்லாரும் சிரிப்போம்.

சனிக்கிழமைகளில் போதகர் ஐயா முச்சந்தியில் நின்று பிரசங்கம் செய்வதுண்டு. ஒரு நாள் அவர் பாத்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கூலிக்காரனும் கிராணியும் ஒரே பாத்திரத்தில் பருகும் பந்தி ஒன்று இந்தச் சாலையிலேயே இருக்கிறது என்றார். கூட்டத்தின் ஓரத்தில் துடைப்பத்தை ஊன்றி நின்ற அக்கா, பிரசங்கத்தின் நடுவிலேயே குரல் கொடுத்தார்.

“நெசமாவா ஐயா? ஒரே கப்பா?”

“நெசந்தான்மா.”

“நானும் வந்தா?”

“நீங்க வந்தா உங்களுக்கும் அதே பாத்திரந்தான்.”

அக்கா துடைப்பத்தைத் தோளில் சார்த்திக்கொண்டு, பிரசங்கம் முடியும்வரை அப்படியே நின்றார். மற்றவர்களை நாங்கள் பாவமன்னிப்பையும் பரலோகத்தையும் சொல்லி அழைத்தோம். அவர் வந்தது அந்த ஒரு வார்த்தைக்காக. இதை அவரே தம் சாட்சியில் சொன்னார். கிளேபாங் கடலில் வெள்ளையங்கி உடுத்தி மூழ்கி எழுந்தபோது, கரையில் நின்ற மாமனார்தாம் அவருக்குத் துவாலை நீட்டினார்.

அடுத்த முதல் ஞாயிறு வந்தது. புதிதாகச் சேர்ந்தவராதலால் பெண்கள் வரிசையில் கடைசி நாற்காலி அக்காவுக்கு. பாத்திரம் எல்லாருடைய கையையும் கடந்து அவரிடம் வந்தது. இரு கைகளாலும் வாங்கி, கண்ணை மூடி, பருகி, துணியால் ஒருமுறைக்கு இருமுறை துடைத்து, எழுந்துபோய் என் மாமனாரிடம் கொடுத்தார். மிஞ்சியதைக் குடித்து முடிப்பது அன்று மாமனாரின் முறை. அவர் பாத்திரத்துக்குள் பார்த்தார். பிறகு, “வயிறு சரியில்ல” என்று பக்கத்திலிருந்தவர் காதில் சொல்லிவிட்டுப் பின்கட்டுக்கு வந்து, என்னைக் கடந்து, பின்படிக்கட்டின் மேல் நின்று, கீழே ஓடிய சாக்கடையில் அதைக் கவிழ்த்தார். என் பக்கம் திரும்பவில்லை. அவர் கழுத்தில் வியர்த்திருந்தது. நல்ல மனிதர் ஒருவர் தம்மாலேயே தாங்க முடியாத ஒன்றைச் செய்வதை அவ்வளவு அருகில் அதற்கு முன் நான் கண்டதில்லை.

வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. சாதி என்ற சொல்லை எங்கள் சபையில் யாரும் உச்சரிப்பதில்லை; உச்சரிக்காததனாலேயே அது எங்களிடம் இல்லை என்று நம்பியிருந்தோம். அதற்குப் பதிலாக வேறொரு சொல் வந்தது. சில நாட்கள் கழித்து மாமனார் போதகர் ஐயாவிடம் காசநோயைப் பற்றிப் பேசினார். பொய்யான பேச்சு என்று தள்ளிவிட முடியாது. சபையிலேயே ஒரு வாலிபன் அந்த நோயால் இறந்திருந்தான். எச்சில் மூலம் பரவும் என்று சுகாதார இலாகாவினர் ஊர் ஊராகச் சொல்லிவந்தார்கள். போதகர் ஐயா சூதறியாதவர். “ஆமாண்ணே, நாம யோசிக்காமப் போயிட்டோமே!” என்று பதறினார். மூப்பர்கள் அனைவரும் ஒருமனப்பட்டார்கள். எதிலும் ஒருமனப்படாத மூப்பர்கள், இதில் மட்டும் ஒரே அமர்வில் ஒருமனப்பட்டதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

கண்ணாடிக் கடையிலிருந்து விரல் பருமனுள்ள சின்னஞ்சிறு கிண்ணங்கள் வந்தன. அவற்றை நிறுத்தத் துளையிட்ட மரத்தட்டுகளும் வந்தன. அவற்றை நான் கீழே குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரம்மா ஒன்றை எடுத்து வெயிலில் பார்த்து, “இனி உந்தோக் செமுட் மீனும் கா?” என்று கேட்டுச் சிரித்தார். எறும்பு குடிக்கவா என்பது அதன் பொருள். நானும் சிரித்துவைத்தேன். அந்த மாதம் போதகர் ஐயா சுகாதாரத்தைப் பற்றி நன்றாகப் பிரசங்கித்தார். பட்டணத்திலேயே முதன்முதலாகச் சிறு கிண்ணங்களைக் கொண்டுவந்த சபை நாம்தான் என்றார். வெள்ளிப் பாத்திரம் மாமனார் வீட்டு அலமாரிக்குள் போயிற்று.

அக்கா அந்தப் பிரசங்கத்தை வேறு யாரும் கேட்காத விதத்தில் கேட்டிருக்கிறார். தாம் சேர்ந்த அடுத்த மாதமே பாத்திரம் மாறியதால், தம்மிடம்தான் அந்த நோய் இருக்கக்கூடும் என்று சபையார் அஞ்சுகிறார்கள் என முடிவுகட்டிக்கொண்டார். தையல் வகுப்பில் என்னருகில் உட்கார்ந்து, “தங்கச்சி, நான் இருமுறேனா? நீங்க கேட்டிருக்கீங்களா?” என்றார். இல்லை என்றேன். “தூசியில கெடக்குற வேல. உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? அதுல எல்லாருக்கும் கப்பு போச்சே” என்று வருந்தினார். அவர் வருத்தம் தம் உடம்பைப் பற்றியதன்று. தம்மால் சபை தன் பாத்திரத்தை இழந்ததே என்பதுதான். நான் மாமியாரை ஏறிட்டுப் பார்த்தேன். மாமியார் ஊசியில் நூல் கோப்பதில் முனைந்திருந்தார்.

பிறகுதான் அந்த எக்ஸ்ரே. மண்டோரிடம் கெஞ்சிச் சம்பளமில்லா விடுப்பு வாங்கி, பெரிய மருத்துவமனை வரிசையில் நின்று, படம் எடுத்து, அந்தப் படத்தையும் திருப்பித் தருவதாகச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த முதல் ஞாயிறன்று அக்கா சபைக்கு வந்தார். எங்கள் ஆராதனையில் சாட்சி வேளை என்று ஒன்று உண்டு. கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். சொல்லி முடித்ததும் சபையார் ஒரே குரலில் ‘ஸ்தோத்திரம்’ என்பார்கள். அக்கா எழுந்து சன்னலருகே போனார். காகித உறையிலிருந்து படத்தை உருவினார்.

“எல்லாரும் பாருங்க. டாக்டர் தொரையே பாத்துட்டாரு. எனக்கு நெஞ்சுல ஒண்ணுமே இல்லியாம்! குதுர மாதிரி இருக்கேன்னு சொன்னாரு. இந்தா, இது எலும்பு. இந்தா, இது இருதயம். ஒரு புள்ளி கெடையாது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இனிமே பயமில்ல, நம்ம பழைய கப்புலயே குடிக்கலாம்!”

வெயிலில் அந்த எலும்புகள் அசையாமல் நின்றன. முன்வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமினார். பயந்தது காசநோய்க்கு அன்று என்று அவரிடம் சொல்லக்கூடியவர் அந்த அறையில் ஒருவரும் இல்லை. அதைத் தவிர அவருக்குச் சொல்லத்தக்க பதிலும் வேறில்லை. கடைசியில் எங்கோ பின்னாலிருந்து ஒரு குரல் ‘ஸ்தோத்திரம்’ என்று தொடங்க, பழக்கத்தின் வேகத்தில் அனைவரும் அதைப் பற்றிக்கொண்டு முழங்கினார்கள். சுத்தமான நெஞ்சுக்காகத் தேவனைத் துதித்தார்கள். துதித்துவிட்டு, சற்று நேரத்தில், சின்னக் கிண்ணங்கள் நிறைந்த தட்டை எடுத்து வந்தார்கள். தட்டு தம் முன்னால் வந்தபோது அக்கா முதலில் அதைப் பார்த்தார். பிறகு தட்டைப் பிடித்திருந்தவர் முகத்தைப் பார்த்தார். பிறகு வட்டத்தில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். ஒரு கிண்ணத்தை எடுத்துப் பருகினார். படத்தை உறைக்குள் போடும்போது அது உள்ளே போகாமல் மடங்கிற்று. உறையைக் கையால் நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போதகர் ஐயாவுக்கும் அன்றுதான் கண் திறந்தது. மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே, “அண்ணே, காசநோய்னு நீங்க சொன்னப்ப யார மனசுல வச்சுச் சொன்னீங்க?” என்று கேட்டார். மாமனார் தரையைப் பார்த்தார். பதில் மாமியாரிடமிருந்து வந்தது.

“ஐயா, நீங்க பெரிய மனசுக்காரரு. எங்களுக்கு அவ்வளவு பெரிய மனசு இல்ல. விடிஞ்சா சாக்கடைய வழிச்சிட்டு வர்ற கை. அவ வாய் வச்ச எச்சிய நாங்க குடிக்கணுமா?”

“நாம வாய் வச்ச எச்சிய அவுங்க குடிச்சாங்களேம்மா. அன்னைக்கு யாரும் ஒண்ணும் கேக்கலியே.”

“அவுங்களுக்கு அதெல்லாம் பழக்கம்.”

மாமியார் கொடுமைக்காரரல்லர். லைன் குழந்தை ஒன்றுக்கு அம்மை வார்த்திருந்தபோது தம் புதுச் சேலையைக் கிழித்து விரிப்பு கொடுத்தவர். அந்த வாய்தான் இதையும் சொல்லிற்று. சொன்ன வேகத்தில் அவருக்கே திக்கென்றிருக்க வேண்டும், அடுப்பை ஊத உள்ளே போய்விட்டார். என் கணவர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். போதகர் ஐயா, “அடுத்த மாசம் பழைய பாத்திரந்தான். நான் குடிச்ச கையோட அவுங்ககிட்டதான் குடுப்பேன். தடுக்கிறவங்க தடுக்கலாம்” என்றார். மாமனார் அலமாரியைத் திறந்து பாத்திரத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். “யாரும் தடுக்க மாட்டாங்க ஐயா” என்றார். சொன்னபடியே ஒருவரும் தடுக்கவில்லை.

அந்த ஞாயிறு போதகர் ஐயாவே லைனுக்குப் போய், பாத்திரம் திரும்பி வந்துவிட்டது என்று சொல்லி அக்காவை அழைத்து வந்தார். அன்று பெண்கள் வரிசை முதலில் வரும்படி மாற்றி, தம் வலப்பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். அக்கா தாமே தைத்த ரவிக்கை அணிந்திருந்தார். நான் வழக்கம்போல் கொடி வேலைப்பாட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நிற்க ரசம் ஊற்றிக் கொடுத்தேன். போதகர் பருகினார், துடைத்து அக்காவிடம் கொடுத்தார். அக்கா பருகினார், துடைத்துப் போதகரம்மாவிடம் கொடுத்தார். அவர் பருகினார். அடுத்தவர் என் மாமியார். பாத்திரத்தை உயர்த்தினார், சாய்த்தார், துடைத்தார், கொடுத்தார். வட்டம் முழுவதும் அவ்வாறே சென்றது. பார்வைக்கு ஒரு குறையுமில்லை. ஒவ்வொருவரும் பக்தியோடு கண்ணை மூடினார்கள், ஒவ்வொருவரும் உயர்த்தினார்கள், ஒவ்வொருவரும் துடைத்தார்கள். என் கணவரும் அவ்வாறே செய்தார். தொண்டைகளை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தொண்டையும் அசையவில்லை. என் மாமனார் கடைசியாக வாங்கி, மிஞ்சியதைக் குடிப்பது தம் கடமையாயிருந்தும், அதைப் போதகர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

அந்தப் பாத்திரத்தில் ரசத்தை ஊற்றியவள் நான். அது எவ்வளவு நிறைந்து போயிற்று என்பது எனக்குத் தெரியும். மூன்று வாய் குறைந்ததைத் தவிர அது அப்படியே திரும்பி வந்தது. பழுப்பேறித் திரும்ப வேண்டிய துடைப்புத் துணியில் மூன்றே கறைகள் இருந்தன. போதகர் ஐயா உள்ளே பார்த்தார். அவருக்கு அருகில் இருந்த அக்காவும் பார்த்தார். ஒரு துளியும் கீழே ஊற்றலாகாது என்பது எங்கள் ஒழுங்கு. போதகர் பாத்திரத்தைத் தூக்கி, அத்தனை பேருடைய பங்கையும் தாம் ஒருவராகக் குடிக்கத் தொடங்கினார். அது நெடுநேரம் நீடித்தது. நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினார், மறுபடியும் குடித்தார். அவர் விழுங்கும் ஓசை பின்கட்டு வரை கேட்டது. முடிந்ததும் வெறும் பாத்திரத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லவில்லை. சபை பாட்டில்லாமலே கலைந்தது.

சமையலறையில் நான் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா உள்ளே வந்து, அடுக்கி வைத்திருந்த சின்னக் கிண்ணங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னால் அவரை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. அவர் குரலில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருந்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

“தங்கச்சி, எங்கப்பா ஊருலேருந்து கப்பலேறி வந்தவரு. அங்க டீக்கடையில எங்காளுங்களுக்குன்னு தனிக் கிளாசு வச்சிருப்பாங்களாம். மத்தவங்க எல்லாம் ஒரே கிளாச மாத்தி மாத்திக் குடிப்பாங்களாம். அதுக்குப் பயந்துதான் இந்தச் சீமைக்கே வந்தேன்னு சொல்லுவாரு.”

அவர் கிண்ணம் ஒன்றை எடுத்து, தம் முந்தானையால் துடைத்து, மறுபடியும் தட்டில் வைத்தார்.

“அங்க எங்களுக்கு மட்டுந்தான் தனி. இங்க என் ஒருத்தியால நீங்க அம்புட்டுப் பேரும் தனித்தனிக் கிளாசு தூக்க வேண்டியதாப் போச்சே. ஐயாகிட்ட நீங்களே சொல்லிருங்க தங்கச்சி, இதையே திரும்ப வச்சிரச் சொல்லி. நான் சொன்னா அவரு கேக்க மாட்டாரு. பாவம், எல்லாரும் இன்னைக்குக் குடிக்காமலே எந்திரிச்சுட்டாங்க. ஆண்டவரு பந்தியில வந்து ஒக்காந்துட்டு யாரும் வெறும் வாயோட வீட்டுக்குப் போகக் கூடாது.”

நான் போதகர் ஐயாவிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்த மாதம் சின்னக் கிண்ணங்கள் வந்தன. சபையார் அனைவரும் தாராளமாகப் பருகினார்கள். பாட்டு கணீரென்று எழுந்தது. கிண்ணங்களை யார் திரும்பக் கேட்டது என்று எவரும் விசாரிக்கவில்லை. போதகர் மனம் மாறிவிட்டார் என்று நிம்மதி அடைந்தார்கள். லைனை இடித்துவிட்டு மக்களைப் புக்கிட் காதில் பக்கம் குடியேற்றும் வரை அக்கா தொடர்ந்து வந்தார். கடைசி நாற்காலியில் உட்கார்ந்து தம் கிண்ணத்தைப் பருகிவிட்டுப் போவார். தையல் வகுப்பில் முன்போலவே இயந்திரத்தைத் திட்டுவார். நாங்கள் முன்போலவே சிரித்தோமா என்பது எனக்கு நினைவில்லை.

பின்னர் நானும் கடலில் மூழ்கி எழுந்து அந்த வட்டத்தில் உட்கார உரிமை பெற்றேன். இன்று சபைக்குச் சொந்தக் கட்டடம் இருக்கிறது; குளிரூட்டிய மண்டபம், ஒலிபெருக்கி, வாகனம் நிறுத்த இடம், ஏழைகளுக்கு உணவுப்பொட்டலம் கொடுக்கும் திட்டம் எல்லாம் இருக்கின்றன. சபை வரலாற்றை அச்சிட்டபோது, சுகாதாரத்தை முன்னிட்டுச் சிறு கிண்ணங்களை முதலில் ஏற்ற சபை என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதை நம்புகிறார்கள்; நம்பாமலிருக்க அவர்களுக்குக் காரணமில்லை. லைன் வீடுகளுக்குப் பால்மாவையும் பழந்துணியையும் சுமந்துபோய்க் கொடுத்துவிட்டு, கொடுக்கிறவர்கள் நாங்கள், வாங்குகிறவர்கள் அவர்கள் என்று எண்ணியிருந்தோம். முதல் ஞாயிறுதோறும் அந்தத் தட்டு என் முன்னால் வந்து நிற்கிறது. எங்கள்மேல் இரக்கப்பட்டு அவர் விட்டுக்கொடுத்ததிலிருந்து ஒன்றை எடுத்துக் குடிக்கிறேன். தலை நிமிர்ந்து குடித்த மாதம் ஒன்றுமில்லை.